சேராத எக்ஸ்டெண்டரை என் தலையில் கட்டியது பற்றி

கடை மேலாளருக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் பெங்களூரு கடையில் கேனான் ஆர்எஃப் (மிரர்லெஸ் கேமராக்களுக்கான வகை) 70-200 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸும், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே போட்டால் 1.4 மடங்கு பெரிதாகக் காட்டும் ஆர்எஃப் 1.4 எக்ஸ் எக்ஸ்டெண்டரும் வாங்கினேன். லென்ஸ் 2019-ல் வந்த மாடல், ஜூம் செய்தால் குழல் வெளியே நீளுமே அதுதான். இந்த இரண்டும் ஒன்றோடொன்று சேராது. எக்ஸ்டெண்டரின் முன்கண்ணாடி துருத்திக்கொண்டு நிற்கிறது, அது உள்ளே நுழைய லென்ஸின் பின்பக்கத்தில் இடம் வேண்டும், இந்த லென்ஸில் அந்த இடமே இல்லை. கேனானும் இந்த லென்ஸுக்கு எக்ஸ்டெண்டர் போட முடியாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆக, தவறு பொருளில் இல்லை, விற்றவரிடம்தான்.

நான் கேட்காமல் வாங்கவில்லை. மறுநாள் சௌடையா ஹாலில் ஒரு அரங்கேற்றம், ஃபிளாஷ் போடக் கூடாது, மேடைக்குப் பக்கத்தில் போக விடமாட்டார்கள், பின்வரிசையிலிருந்து அபிநயத்தில் முகம் மட்டும் வரும்படி எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கவுண்டரில் இருந்த தம்பி நன்றாகத் தமிழ் பேசினார், சேலம் பக்கமாம், அதனாலேயே நம்பினேன். முதலில் இரண்டு மடங்கு பெரிதாக்கும் 2 எக்ஸ் எக்ஸ்டெண்டரை வாங்கச் சொன்னார், 200 மி.மீ. 400 ஆகும் என்று. ஆனால் அதைப் போட்டால் லென்ஸ் வெளிச்சத்தை உள்ளே விடும் அளவு எஃப் 2.8-லிருந்து எஃப் 5.6 ஆகிவிடும், வெளிச்சம் கால்வாசிதான் மிஞ்சும். தில்லானாவில் கால் தெளிவாக நிற்க 1/500 நொடி ஷட்டர் வேகம் வேண்டும், எஃப் 2.8-லேயே ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்வு, கூடக்கூடப் படத்தில் புள்ளி தட்டும்) 3200 போகிறது, 2 எக்ஸ் போட்டால் 12800. அது வேண்டாம், 1.4 போதும், எஃப் 4-ல் 280 வரும், ஐஎஸ்ஓ 6400 வரை சமாளிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். "இந்த லென்ஸுக்குப் போடலாமா?" என்று இரண்டு முறை கேட்டேன். "ஆர்எஃப்னா எல்லாத்துக்கும் போடலாம்ணா" என்றார். போட்டுக் காட்டச் சொன்னதற்கு டெமோ பீஸ் இல்லை என்றார்.

சனிக்கிழமை காலை வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உடனே உங்கள் சர்வீஸ் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "புதுசு, டைட்டா இருக்கும், கொஞ்சம் அழுத்தித் திருப்புங்க." அவர் பேச்சைக் கேட்டிருந்தால் கண்ணாடியில் கண்ணாடி இடித்து ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கொடுத்து வாங்கிய லென்ஸ் போயிருக்கும். எனக்கு மிகவும் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லலாமே.

அன்று சாயங்காலம் 200-லேயே எடுத்தேன். முகத்தை 280 அளவுக்கு க்ராப் செய்தால் என் 24 மெகாபிக்ஸல் படத்தில் 12 தான் மிஞ்சுகிறது. பெரிய பிரிண்ட் கேட்டிருக்கும் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? ஏழு வருடம் ஆடிப் பழகிய பிள்ளை, அந்த நாள் திரும்ப வராது.

சரியான வழி உங்கள் கடையிலேயே இருந்தது. கேனானின் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான இஎஃப் வகையில் 70-200 எஃப் 2.8 மூன்றாம் மாடல், இஎஃப் 1.4 எக்ஸ்டெண்டர், நடுவே ஒரு அடாப்டர். இல்லையென்றால் ஆர்எஃப் 70-200-லேயே 2024-ல் வந்த இசட் மாடல், அதில் ஆர்எஃப் எக்ஸ்டெண்டர் சேரும், விலை கூடுதல்தான். அந்தத் தம்பி இதைச் சொல்லியிருந்தால் யோசித்து வாங்கியிருப்பேன்.

இப்போது பெட்டி திறந்துவிட்டது, திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறீர்கள். திறக்காமல் எப்படிப் போட்டுப் பார்ப்பது? ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்பதைத் தவறாகச் சொல்லி விற்பது, வாயால் சொன்னதாக இருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்ய எனக்கு விருப்பமில்லை, ஆனால் ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் செய்வேன்.

எக்ஸ்டெண்டரின் முழுப் பணமும் வேண்டும். கடைக் கூப்பன் வேண்டாம். அப்புறம், எந்த லென்ஸுக்கு எது சேரும் என்று ஒரு அட்டவணை எழுதி கவுண்டரில் ஒட்டுங்கள். சர்வீஸ் எண்ணில் பேசுகிறவரிடம், யாரையும் அழுத்தித் திருப்பச் சொல்லக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

பில், பெட்டி, எக்ஸ்டெண்டர் மூன்றும் கீறல் இல்லாமல் பத்திரமாக இருக்கின்றன. வரும் சனிக்கிழமை காலை கடை திறந்ததும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், அல்சூர்