நடுவர்களே, மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு வாருங்கள்

கண்ணாடிக் கட்டடங்களுக்கும் முகப்பு வடிவமைப்புக்கும் விருது வழங்கும் நடுவர் குழுவினருக்கு,

வணக்கம்.

விருதே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கண்ணாடி முகப்பு அமைக்கும் எங்கள் தொழிலுக்கு இன்னும் நிறைய விருது வேண்டும் என்கிற கட்சி நான். கட்டடத்தை வரைந்தவர் பெயர் பத்திரிகையில் வரும், திறந்து வைத்தவர் பெயர் கல்வெட்டில் வரும். கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், என்ன பூச்சு, எந்தப் பக்கம் எவ்வளவு என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களின் பெயர் வருவது உங்கள் மேடையில் மட்டும்தான். அந்த உரிமையில் கேட்கிறேன்: நீங்கள் கட்டடத்தை எப்போது பார்க்கிறீர்கள்?

விண்ணப்பத்தில் கேட்பதெல்லாம் ஆறேழு படம், சில வரைபடம், ஒரு பக்க விளக்கம். படம் எடுப்பவர்கள் கெட்டிக்காரர்கள். சூரியன் இறங்கிய பிறகு, வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் அந்தச் சில நிமிடத்தில், உள்ளே எல்லா விளக்கையும் போட்டுவிட்டு எடுப்பார்கள். உள்ளே வெளிச்சம் அதிகம், வெளியே குறைவு என்றால்தான் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே தெரியும். பகல் முழுக்க அதே முகப்பு எதிர்க் கட்டடத்தையும் மேகத்தையும்தான் காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போனால் பிளைண்டை இறக்கிவிட்டுப் பட்டப்பகலில் விளக்கு போட்டிருப்பார்கள். பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மேற்கு ஓரத்து மேசைக்காரர் நாலு மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவார். சில இடங்களில் கண்ணாடி மேலேயே சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கும்.

இது நேற்று முளைத்த சிக்கல் இல்லை. 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் எழுந்த கிரிஸ்டல் பேலஸ்தான் எங்கள் தொழிலுக்குப் பாட்டன். ஜோசப் பாக்ஸ்டன் தோட்டக்காரராக வாழ்க்கையைத் தொடங்கியவர். செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில் கற்றதை வைத்து, ஏறக்குறைய 3 லட்சம் கண்ணாடிகள் கொண்ட அந்தக் கட்டடத்தை ஓராண்டுக்குள் நிறுத்திக் காட்டினார். கூரைக்கு மேலே துணி விரிக்கவும், சுவரில் திறந்து மூடும் சட்டங்கள் வழியாகக் காற்று வரவும் ஏற்பாடு செய்தவரும் அதே பாக்ஸ்டன்தான். லண்டன் வெயிலுக்கே அவருக்கு அந்தக் கவலை இருந்தது.

சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் நம் உச்சந்தலையைத் தாண்டுகிற சூரியன், ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் நமக்கு வடக்கேதான் நிற்கும். ‘வடக்கில் வெயில் விழாது, முழுக்கக் கண்ணாடி போடலாம்’ என்று ஐரோப்பியப் பாடத்தை அப்படியே எடுத்து வரைந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வது இதனால்தான். கிழக்கையும் மேற்கையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். தாழ்வாகச் சாய்ந்து வரும் வெயிலை மேலே நீட்டிய சன்ஷேடு தடுக்காது. எரிசக்திச் சிக்கனக் கட்டட விதி 2017, அதில் சொன்ன அளவுகளை அப்படியே பின்பற்றிப் போகிறவர்களுக்கு முகப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி கூடாது என்கிறது. அதற்கு மேலும் வைக்கலாம், ஆனால் மொத்தக் கட்டடமும் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று கணக்குக் காட்ட வேண்டும். விருதுக்கு வருகிறவர்களிடம் அந்தக் கணக்கைக் கேட்கிறீர்களா? கேட்டால் பாதி விண்ணப்பம் வராது என்று ஒரு நண்பர் சொன்னார். வராவிட்டால் நல்லதுதானே.

அவசரப்பட்டுப் பாராட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஊர் ஊராகக் கதை இருக்கிறது. பாஸ்டனில் ஜான் ஹான்காக் கோபுரம் இன்னும் முடியாத நிலையில், 1973-ல் கண்ணாடிகள் பெயர்ந்து தெருவில் விழுந்தன. ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேல். காற்று வேகமெடுத்தால் போலீஸ் சாலையை மறித்துவிடும். விழுந்த இடமெல்லாம் பிளைவுட் அடித்து, அறுபது மாடிக் கட்டடம் நகரத்துக்கே கேலிப்பொருளாகிவிட்டது. காரணத்தைத் துருவிப் பார்த்தால், இரட்டைக் கண்ணாடியின் நடுச்சட்டத்தைக் கண்ணாடி மேலிருந்த பூச்சோடு பிணைத்திருந்த ஈயப் பற்று. கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத இறுக்கம் அதற்கு. கண்ணாடி வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி, காற்றிலும் அசைந்து அசைந்து ஓரத்தில் விரிசல் விட்டது. கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் மாற்றினார்கள். இன்று நாங்கள் அந்த ஓரத்தில் நெகிழ்ந்து கொடுக்கிற சீலன்ட் போடுவதற்குப் பின்னால் இந்த மாதிரி அடிகள் இருக்கின்றன.

அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் அந்தக் கோபுரத்துக்கு 1977-ல் ஒரு விருது கொடுத்தது. 2011-ல் இன்னொன்று கொடுத்தது. இரண்டாவது, இருபத்தைந்து ஆண்டு தாண்டியும் நிமிர்ந்து நிற்கும் கட்டடங்களுக்கு மட்டும் தருவது. எனக்கு அந்த இரண்டாவதுதான் பெரிசு.

லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடத்தின் தெற்கு முகம் உள்வாங்கி வளைந்தது. 2013-ல் அது வெயிலைக் குவித்து, கீழே நிறுத்தியிருந்த ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கிவிட்டது. ஒருவர் அங்கே சட்டியை வைத்து முட்டை பொரித்தார். பிறகு முகப்பு முழுக்க வெயில் தடுப்புத் தகடுகளை மாட்டினார்கள். 2015-ல் அதற்கும் ஒரு பரிசு கிடைத்தது, ஆண்டின் மிக மோசமான புதுக் கட்டடத்துக்கான கார்பங்கிள் கோப்பை. நமக்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை. 2013-ல் திறந்த சென்னை விமான நிலைய முனையங்களில் கண்ணாடி உடைந்து விழுந்ததை, இது எத்தனையாவது முறை என்று எண் போட்டு நாளிதழ்கள் எழுதின.

உங்கள் கண்ணில் படாத ஒரு வேலையைச் சொல்கிறேன். டிஜியு என்று நாங்கள் சொல்கிற இரட்டைக் கண்ணாடிக்கு நான்கு பரப்பு. நம் ஊர் வெயிலுக்கு, வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது பரப்பில் லோ-ஈ பூச்சு, அதாவது சூட்டைத் தடுக்கும் மெல்லிய பூச்சு, இருக்க வேண்டும். வெறுங்கண்ணுக்கு அந்தப் பூச்சு லேசில் பிடிபடாது. விஷயம் தெரிந்த ஃபிட்டர் மாட்டுவதற்கு முன்னால் லைட்டரைப் பற்ற வைத்துக் கண்ணாடிப் பக்கத்தில் பிடிப்பார். சுடர் நான்காகத் தெரியும். மூன்று ஒரே நிறம், ஒன்று மட்டும் நிறம் மாறி நிற்கும். அது வரிசையில் எத்தனையாவது என்று பார்த்தால் பூச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியதை நம்பித் திருப்பி மாட்டினால் பூச்சு மூன்றாம் பரப்புக்குப் போய்விடும், வெயிலின் சூடு கூடுதலாக உள்ளே இறங்கும். படத்தில் இந்த வித்தியாசம் வராது. ஏசி பில்லில் வரும். அந்த ஃபிட்டர் பெரும்பாலும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த இளைஞர். இருபதாவது மாடியில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவர். விருது விருந்தில் அவருக்கு நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

கொண்டாட வேண்டியதைக் கொண்டாடித்தான் ஆக வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் எம்விஆர்டிவி நிறுவனம் 2016-ல் முடித்த கிரிஸ்டல் ஹவுசஸ் கடையைப் பாருங்கள். பழைய செங்கல் முகப்பை அச்சு அசலாகக் கண்ணாடிச் செங்கலில் கட்டி, மேலே போகப் போக நிஜச் செங்கலோடு கலந்துவிட்டார்கள். சாந்து கிடையாது. புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பசைதான். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்ததில், அந்தக் கட்டு சில வகையில் கான்கிரீட்டைவிட வலுவாக இருந்தது. முதல் வரிசை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க லேசரோடு கொழுப்பு நீக்காத பாலையும் பயன்படுத்தினார்களாம். ஒளி ஊடுருவாத திரவம், மட்டம் பார்க்க வசதி. இதைக் கண்டுபிடித்த ஆளுக்குத் தனியாக ஒரு கோப்பை கொடுத்தாலும் தகும்.

நியூயார்க்கின் ஜாவிட்ஸ் மாநாட்டு மையம் வேறு மாதிரி. 1986-ல் திறந்த கட்டடம், கண்ணாடியில் மோதிச் செத்த பறவைகளுக்குப் பேர்போனது. 2014-ல் முடிந்த புதுப்பிப்பில் புள்ளியிட்ட கண்ணாடியைப் போட்டார்கள், மோதல் 90 சதவீதம் குறைந்தது. இருந்த தவறைத் திருத்தியது அது. நம் விருதுகளில் பழைய முகப்பைச் சீர் செய்தவருக்குப் பிரிவு உண்டா? பறவைகள் வந்து கூடும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிக் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசை கட்டி நிற்கிற ஊர் இது, கேட்கத் தோன்றுகிறது.

நான் கேட்பது எதுவும் புதிது இல்லை. ஆகா கான் கட்டடக்கலை விருதுக்கு வரும் கட்டடம் ஓராண்டாவது புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இறுதிப் பட்டியலில் வந்ததும் ஆளை நேரில் அனுப்பிப் பார்க்கிறார்கள். பரிசுத் தொகை வரைந்தவரோடு நிற்காமல் பொறியாளருக்கும் கைவினைஞருக்கும் கட்டியவருக்கும் பங்காகப் போக வழி வைத்திருக்கிறார்கள். அந்த விதியை எடுத்து நம் படிவத்தில் ஒட்டினால் போதும். கூடவே ஓராண்டு மின்கட்டணம், கண்ணாடி எப்படித் துடைக்கப்படுகிறது, ஒன்று உடைந்தால் மாற்ற எத்தனை நாளாகும் என்பதற்கும் இடம் விடுங்கள்.

இன்னொன்று, சின்ன வேலைக்கும் ஒரு பிரிவு வேண்டும். ஓட்டு வீட்டுச் சமையலறையில் நடுவே ஒரேயொரு கண்ணாடி ஓடு வைப்பார்களே, அடுப்படி முழுக்க வெளிச்சம் வரும், சூடு பெரிதாக வராது. கூரையின் பரப்பில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். காரைக்குடிப் பக்கம் கதவுக்கு மேலே பதித்த வண்ணக் கண்ணாடியும் அந்த ரகம்தான். 2000-லிருந்து ஸ்ரீபெரும்புதூரில் மிதவைக் கண்ணாடி, அதாவது கட்டடங்களுக்குப் போடும் தட்டைக் கண்ணாடி, தயாராகிறது. கைக்கெட்டும் தூரத்தில் பொருள் இருப்பதால் அகலமாகப் போடத்தான் எல்லோருக்கும் கை வருகிறது. அளவாகப் போட்டவரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள்.

இந்த ஆண்டு இறுதிப் பட்டியலை முடிவு செய்யும் முன் மே மாதத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு, மேற்கு ஓரத்து மேசையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வரவேற்பறையோடு திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள். பிறகு வெளியே வந்து, முகப்பு எதிரே டீக்கடை போட்டிருப்பவரிடம் அந்த நேரத்தில் கடையில் ஆள் நிற்கிறார்களா என்று கேளுங்கள். கண்ணாடி திருப்பி அடிக்கிற வெயில் யார் தலையில் விழுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். உங்களில் யாருக்காவது முகப்பைப் பக்கத்தில் பார்க்கக் கயிற்றில் இறங்க ஆசையிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஹெல்மெட்டும் பெல்ட்டும் அளவு பார்த்து எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஃபசாட் (கட்டட முகப்பு) வேலையில் இருக்கும் ஒருவன்,
சென்னை