டேனை வகையிட்டால் விடை என்ன? பயிற்சிச் செயலிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆறாம் படிவ மாணவர்களுக்கான கணிதப் பயிற்சிச் செயலியை நடத்தும் தொழில்நுட்பக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் செயலி காட்டும் விடை, வகுப்பில் நாங்கள் சொல்லித்தரும் வடிவில் வருவதில்லை. இதை மின்னஞ்சலிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) எழுதிப் பார்த்துவிட்டேன். "ரெண்டும் ஒன்றுதானே சார்" என்று கட்டைவிரல் படத்தோடு பதில் வந்தது. அதனால் இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை கோலாலம்பூர் செந்தூல் வகுப்பில் ஒரு மாணவியின் நோட்டைப் புரட்டினேன். டேனை, அதாவது முக்கோணவியலின் tan சார்பை, வகையிடும் (differentiate) கணக்கு. ஈவு விதியைப் போட்டு, மேலே கோஸ் வர்க்கமும் சைன் வர்க்கமும் சேர்ந்து ஒன்றாகி, கீழே கோஸ் வர்க்கம் நிற்க, செக் வர்க்கம் என்று முடித்திருந்தாள். ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் குறுக்கே கோடு. கீழே மறுபடியும் அதே கணக்கு, அதே விடை, மறுபடியும் கோடு. அதற்கும் கீழே ரப்பர் போட்டுத் தேய்த்துத் தாளே ஓட்டையாகியிருந்தது. ஏம்மா என்று கேட்டதற்குக் கைப்பேசியை நீட்டினாள். 'சரியான விடை' என்ற பச்சைக் கட்டத்துக்குள் உங்கள் செயலி சொல்லியிருந்தது: டேன் வர்க்கம் கூட்டல் ஒன்று.

இரண்டும் ஒன்றே என்று சொல்லும் முற்றொருமை அவளுக்குத் தெரியாததல்ல. கேட்டவுடன் ஒப்பித்தாள். ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, பச்சைக் கட்டத்தில் வேறு ஏதோ நின்றால், முதலில் தான் தப்பு என்றுதான் ஒரு பிள்ளைக்குத் தோன்றும். பொருத்திப் பார்க்கும் எண்ணம் அப்புறம்தான் வரும், வந்தால். வீட்டில் கேட்க ஆள் இல்லாத பிள்ளைகளுக்காகத்தானே இந்தச் செயலியைச் செய்ததாகச் சொன்னீர்கள்? அன்றிரவே மாணவர்கள் புலனக் குழுவில், சார் கொடுத்த சூத்திரம் பழசாம் என்று ஒரு செய்தி ஓடியிருக்கிறது. அதை நான் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். அந்த ஓட்டை விழுந்த தாளை விட முடியவில்லை.

செயலிக்குப் பின்னால் ஓடுவது சிம்பை (SymPy) என்ற கணித மென்பொருள் என்று நீங்களே அறிமுகக் கூட்டத்தில் சொன்னீர்கள். அதன் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. டேனை வகையிடச் சொன்னால் அதன் பழக்கம் டேன் வர்க்கம் கூட்டல் ஒன்று. மேக்சிமா என்ற இன்னொரு கணித மென்பொருளிடம் கேட்டால் செக் வர்க்கம் என்று வரும். மேத்தமேட்டிக்காவில் ஒன்றின் கீழ் கோஸ் என்று எழுதினாலே, யாரும் கேட்காமலே செக் ஆக்கிவிடும். வேண்டாமென்றால் நிறுத்தி வைக்கவும் அதில் ஓர் அமைப்பு உண்டு. இவற்றை எழுதியவர்கள் யாரும் நம் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) பாடத்திட்டத்தைப் பார்த்து எழுதவில்லை, பார்க்க வேண்டியதுமில்லை. எடுத்து வந்து பிள்ளைகள் கையில் கொடுத்தவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

வழி இல்லாமலும் இல்லை. டேன் வர்க்கத்தைச் செக் வர்க்கமாக மாற்றவென்றே சிம்பையின் ஃபூ தொகுதியில் டிஆர்22 என்று ஒரு விதி இருக்கிறது. தயவுசெய்து வெறும் சுருக்கும் கட்டளையைப் போட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அது கோஸின் அடுக்கில் கழித்தல் இரண்டைக் கொண்டுவந்து வைக்கும், இன்னொரு பிள்ளை இன்னொரு தாளைக் கிழிக்கும். நேர்மாறு சைனுக்கு ஏசைன் என்று வருகிறதே, அதற்கு அச்சிடும் கட்டளையில் ஒரே ஒரு விருப்பத்தை மாற்றினால் போதும், சைனின் தலையில் கழித்தல் ஒன்று வந்துவிடும். ஜான் ஹெர்ஷல் 1813இல் கொண்டுவந்த குறியீடு அது; பிள்ளைகளின் கால்குலேட்டர் பொத்தானிலும் அதுதான் இருக்கிறது. சிஎஸ்சி என்று வருவதைக் கோசெக் ஆக்குவது அச்சிடும் பகுதியில் சில வரி வேலை.

தொகையீட்டில் நிலைமை இன்னும் மோசம். செக்கைத் தொகையிட்டால், சைன் கழித்தல் ஒன்றின் மடக்கை என்று ஓர் உறுப்பு வருகிறது. சைன் ஒன்றைத் தாண்டாது, ஆகவே அந்த அடைப்புக்குள் நேர் எண் வரவே வராது. கலப்பெண்களில் அது சரிதான், ஒரு மாறிலிதான் வித்தியாசம். ஆனால் எதிர் எண்ணுக்கு மடக்கை எடுக்காதே என்று காலையில் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் இதைப் பார்த்து வரும் பிள்ளைக்கு நான் என்ன சொல்வது? கலப்பெண் மடக்கையைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொள் என்றா?

நான் கேட்பது ஒன்றுதான். முக்கோணவியல் விடை எந்த வடிவில் திரையில் வர வேண்டும் என்பதைக் கேள்வியை ஏற்றும் ஆசிரியர் தேர்ந்தெடுக்க வழி செய்யுங்கள்.

நேரமில்லை என்கிறீர்கள். சின்னத்தின் நிறத்தை மாற்ற நேரம் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் மண்டபம் எடுத்து, மக்கள் பிரதிநிதியான ஒய்.பி.க்கு மாலை போட்டு, நன்கொடையாளர் பெயர் ஓடும் முகப்புத் திரை செய்ய நேரம் இருந்தது. அந்தத் திரையில் யார் பெயருக்கு முன் டத்தோ பட்டம் வரவேண்டும், யாருக்கு டான்ஸ்ரீ வரவேண்டும் என்பதில் ஓர் எழுத்து பிசகவில்லை. அங்கே "ரெண்டும் ஒன்றுதானே" என்று யாரும் சொல்லவில்லை. நம் சமூக வேலைகளில் பாதி இப்படித்தான் திறப்பு விழாவோடு முடிந்துபோகிறது. சரி, அது வேறு கதை; அதற்கு இந்த மடல் இடமில்லை.

நீங்களும் எங்களைப் போலச் சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள், பகலில் வேலைக்குப் போய் இரவில் நிரல் எழுதுகிறவர்கள் என்பது தெரியும். அதனால்தான் பணிவாகக் கேட்கிறேன்: விடையின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஆசிரியர்களிடம் கொடுங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால், இப்போதைக்குப் பச்சைக் கட்டத்தின் கீழ் 'இதே விடை வேறு வடிவிலும் இருக்கலாம்' என்று ஒரு வரியாவது சேருங்கள். அதற்கு சிம்பைகூட வேண்டாம்.

அடுத்த புதுப்பிப்பில் இது வருமா, வராதா என்று மட்டும் பதில் போடுங்கள். கட்டைவிரல் படம் வேண்டாம். எந்தெந்த விடைக்கு எந்த வடிவம் என்று பட்டியல் தயாராக வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் செந்தூலில்தான் இருப்பேன், யாராவது மடிக்கணினியோடு வந்தால் சேர்ந்தே உட்கார்ந்து முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
செந்தூல் வகுப்பின் கணித ஆசிரியர்