குடிநீர் வரியும் கட்டணமும் தேர்தல் தேதியைப் பார்த்து மாறாதிருக்க வேண்டி மனு

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009

பொருள்: குடிநீர் வரி, கட்டணம் ஆகியவற்றைப் பொது விசாரணைக்குப் பின் தனி ஆணையம் நிர்ணயிக்கவும், மானியத்தை அரசு முன்கூட்டியே செலுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2018-ஆம் ஆண்டு தமிழகத்தில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. மறு ஆண்டு நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய வேளையில், அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வாக்களித்தோம். ஏப்ரல் 1 அன்று, 25 முதல் 150 விழுக்காடு வரை சொத்து வரி உயரும் என்ற அறிவிப்பு வந்தது. இடையில் இருந்தவை நாற்பத்தொரு நாட்கள். நிறுத்திவைத்த ஆட்சி வேறு, உயர்த்திய ஆட்சி வேறு. ஆகவே எந்தக் கட்சியையும் குறைசொல்ல இதை எழுதவில்லை.

சொத்து வரியைப் பற்றிக் குடிநீர் மனுவில் ஏன் பேசுகிறோம் என்று கேட்கலாம். சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரியே சொத்தின் ஆண்டு மதிப்பில் (அது ஓராண்டில் ஈட்டக்கூடிய வாடகையின் மதிப்பீட்டில்) 7 விழுக்காடாகத்தான் கணக்கிடப்படுகிறது. ஒரு வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் பிடித்தார்கள் என்பதற்கும் இந்த வரிக்கும் தொடர்பே இல்லை. ஆண்டு மதிப்பை மாற்றினால், குடிநீர் என்ற சொல்லைக்கூட உச்சரிக்காமல் குடிநீர் வரியை ஏற்றிவிடலாம்.

2022 சொத்து வரி உயர்வுக்கு, உள்ளாட்சிகளுக்கான மத்திய மானியத்தைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் குழுவின் அறிக்கை 2021 பிப்ரவரியிலேயே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டுவிட்டது. வாக்குக் கேட்டு வீதி வீதியாக வந்தவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. எங்களிடம் சொல்லியிருந்தால் விவாதித்திருப்போம். பலர் ஒப்புக்கொண்டும் இருப்போம். புதிதாகப் பதவியேற்ற மன்றங்களுக்கும், கோட்டையில் எடுத்த முடிவைத் தீர்மானமாக நிறைவேற்றுவதே வேலையாகிப் போனது. அதற்கு முன் 2016 முதல் 2022 வரை மன்றங்களே இல்லை, தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். குடிநீர் வழங்கலை நகராட்சிகளின் பொறுப்பாக அரசமைப்பின் 12-ஆவது அட்டவணை எழுதிவைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

பிற தென் மாநிலங்களிலும் இதே நிலைதான். பெங்களூருவில் 2014-க்குப் பிறகு 2025 வரை கட்டணத்தைத் தொடவே இல்லை. பிறகு ஒரே மூச்சில் உயர்த்தினார்கள். ஹைதராபாத்தில் 2020 மாநகராட்சித் தேர்தலின்போது மாதம் 20,000 லிட்டர் இலவசம் என்ற வாக்குறுதி வந்தது. கட்டணத்தைப் பல ஆண்டு உறைய வைப்பதும் மக்களுக்குச் செய்யும் நன்மையாகாது. அந்தக் காலத்தில் பழுதுபார்க்காமல் விட்ட குழாய்க்கும் மோட்டாருக்கும் சேர்த்துப் பின்னால் நாங்களேதான் கொடுக்கிறோம். எங்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. மீதி நாட்களுக்கு லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் வாங்குகிறோம். அந்த விலையை எந்தத் தேர்தலும் நிறுத்திவைத்ததில்லை. இதில் அதிகம் அடிபடுவது, வீட்டில் தொட்டி கட்ட இடமில்லாத, கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள்.

மின்சாரத்துக்கு வேறு முறை இருக்கிறது. கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. உத்தரவிடும் முன் மக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆவது பிரிவின்படி, ஒரு பிரிவினருக்குச் சலுகை தர விரும்பும் மாநில அரசு அந்தத் தொகையை முன்கூட்டியே செலுத்தியாக வேண்டும். இதனால் மின்கட்டணம் ஏறாமல் போய்விடவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் கணக்கு பொதுவெளிக்கு வருகிறது, எழுந்து நின்று கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. தண்ணீருக்கு அந்த இடம்கூட இல்லை. மாநிலங்கள் நீர் ஒழுங்குமுறை ஆணையம் அமைக்க வேண்டும் என 2012 தேசிய நீர்க் கொள்கை கூறுகிறது. மகாராஷ்டிரம் 2005-லேயே அதற்குச் சட்டம் இயற்றியது.

எனவே, நகர்ப்புறக் குடிநீர் வரியையும் கட்டணத்தையும் நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைக்கும் சட்ட முன்வடிவை அரசின் பார்வைக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். ஏழைக் குடும்பங்களுக்கு அடிப்படை அளவு தண்ணீர் இலவசமாகவே கிடைக்கட்டும். அதற்கான பணத்தை அரசு நகராட்சிக்கு முன்பணமாகக் கொடுக்க விதி வேண்டும். தேர்தலுக்கு முன்னும் பின்னும் ஆறு மாதங்களுக்கு உயர்வோ நிறுத்திவைப்போ கூடாது.

சட்டம் வரும்வரை காத்திராமல் தங்கள் ஆணையாலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு நகராட்சியும் குடிநீருக்கு வசூலித்த தொகை, செலவிட்ட தொகை, குடிநீர் வடிகால் வாரியத்துக்கு வைத்துள்ள பாக்கி ஆகியவற்றை ஆண்டுதோறும் அலுவலக அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டச் செய்யுங்கள். 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. முதல் கணக்கை அதற்கு முன்பே ஒட்டுவதற்கு ஆணையிடுமாறும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளரும் உறுப்பினர்களும்