'ஒரு துளி இரத்தம் போதும்' என்ற வரி குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மருத்துவ இணைப்பில், 'ஒரு துளி இரத்தம் போதும். அல்சைமர் வருமா வராதா என்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடலாம்' என்றொரு வரி வந்திருந்தது. அதைப் படித்ததும் நாளிதழை எடுத்து ஒளித்து வைத்தேன். என் தந்தையின் கண்ணில் அது மறுபடியும் பட்டுவிடக் கூடாதே என்ற அச்சம்தான் காரணம்.

மறுபடியும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஈராண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதே வரியைத் தங்கள் இதழில்தான் அவர் படித்தார். அப்போது அவருக்கு 71 வயது; மறதி என்று எதுவும் இல்லை; தங்கள் குறுக்கெழுத்துப் புதிரை அகராதி பாராமல் முடிப்பவர். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று எங்களிடம் சொல்லாமல் ஓர் ஆய்வகத்துக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அல்சைமரோடு தொடர்புடைய பி-டாவ் 217 என்ற புரதத்தின் அளவு இயல்பைவிடக் கூடுதல் என்ற முடிவு அவருடைய கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அவருக்கு நெடுநாளாகச் சிறுநீரகக் கோளாறு உண்டு என்பதை எவரும் கேட்கவும் இல்லை. சிறுநீரகம் சரிவர இயங்காதவர்களின் இரத்தத்தில் இந்தப் புரதம் உயர்ந்து காணப்படக்கூடும் என்பது, ஏழு மாதங்கள் கழித்து ஒரு நரம்பியல் மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு முதுகுத்தண்டு நீரைப் பரிசோதித்தபோது அல்சைமருக்கான மாற்றம் எதுவும் இல்லை. அதற்குள் அவர் வரவு செலவுக் கணக்குகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டார், புதிரைத் தொடுவதை நிறுத்திவிட்டார். பேச்சின் நடுவே ஒரு பெயர் உடனே வாய்க்கு வராவிட்டால், நான் கவனித்தேனா என்று என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

டாவ் என்பது நரம்புச் செல்லுக்குள் நுண்குழல்களைத் தாங்கி நிற்கும் புரதம். அல்சைமரில் காணப்படும் அமிலாய்டு என்ற இன்னொரு புரதம் மூளையில் படியத் தொடங்கும்போது, 217ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏறிய டாவ் துண்டுகள் கூடுதலாக வெளியேறுகின்றன. அவற்றில் மிகச் சிறு பங்கே இரத்தத்துக்கு வருகிறது. ஆகவே இந்தப் பரிசோதனையால் சொல்லக்கூடியது, படிவு இருக்க வாய்ப்புண்டு என்பது மட்டுமே; ஒருவர் நினைவிழப்பார் என்பதை அதனால் சொல்ல முடியாது. படிவு இருந்தும் கடைசிவரை தெளிந்த நினைவோடு வாழ்ந்த முதியவர்கள் உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இவ்வகை இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி வழங்கியபோது, 55 வயதும் அதற்கு மேலும் ஆன, ஏற்கெனவே அறிகுறிகள் உள்ளவர்களுக்கு, பிற மருத்துவத் தகவல்களோடு சேர்த்தே அதைப் பயன்படுத்த வேண்டும் என்றது. தங்கள் கட்டுரையாளர் அனுமதியைக் குறிப்பிட்டுவிட்டு நிபந்தனையை விட்டுவிட்டார்.

இது முதல்முறையும் அன்று. முதுகுத்தண்டு நீரில் அமிலாய்டின் ஒரு வகையான அமிலாய்டு 42 குறைந்திருப்பது நல்ல செய்தி என்று முன்பொருமுறை எழுதினீர்கள். மூளையில் படிந்து அங்கேயே சிக்கிக்கொள்வதால்தான் அந்நீரில் அதன் அளவு குறைகிறது. ஆகவே அந்தக் குறைவு ஐயத்துக்குரியது. நரம்பிழை எதற்குச் சேதம் வந்தாலும், தலையில் அடிபட்டால்கூட, உயரக்கூடிய நியூரோஃபிலமென்ட் என்ற நரம்புப் புரதத்துக்கு 'அல்சைமர் புரதம்' என்று பெயர் சூட்டினீர்கள். 2023இல் லெக்கானமாப் என்ற அல்சைமர் மருந்து முழு அனுமதி பெற்றபோது 'மறதி நோய் இனி குணமாகும்' என்று தலைப்பிட்டீர்கள். பதினெட்டு மாத ஆய்வில் அம்மருந்து நோயின் சரிவை 27 விழுக்காடு மெதுவாக்கியதே தவிர நிறுத்தவில்லை. மூளையில் வீக்கமும் கசிவும் ஏற்படும் ஆபத்தும் அதற்கு உண்டு. அன்று எத்தனை குடும்பங்கள் அந்தத் தலைப்பை நோயாளியிடம் படித்துக் காட்டியிருக்கும் என்று நினைத்தாலே மனம் பதைக்கிறது. இவற்றைப் பற்றி இரண்டு கடிதங்கள் எழுதினேன். அவை வெளிவரவில்லை, கிடைத்தன என்று ஒரு வரிப் பதிலும் இல்லை. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழைப் படிப்பவளுக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது.

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம். அறிகுறி இல்லாதவர்கள் தாமாக இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டாம் என்பதும், சிறுநீரக நோய் முடிவைத் திரிக்கக்கூடும் என்பதும், மருத்துவர் விளக்கம் இன்றி முடிவை நம்பக் கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும். வழக்கமாகத் திருத்தங்கள் வரும் கடைசிப் பக்கத்தின் மூலையில் வேண்டாம். கட்டுரை வந்த அதே மருத்துவ இணைப்பில், அதே எழுத்தளவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி