அந்தப் பட்டை பி53 இல்ல மக்கா

தக்கலை

மக்கா,

பதில் போட இவ்வளவு நாள் ஆனதுக்கு நேர்ல வரும்போது திட்டிக்கோ. வீட்ல எல்லாரும் சுகம். பல்லி இன்னும் அதே பைக்லதான் சுத்துகான்.

நீ அனுப்பின பிளாட் படம், அதான் புரதங்களை எடைவாரியாப் பிரிச்சுப் பட்டையாக் காட்டுறது, பாத்தேன். ஆன்டிபாடி வச்சு நம்ப் புரதத்தை இழுத்தா, புற்றைத் தடுக்கிற பி53 புரதமும் கூடவே வருதுன்னு துள்ளியிருக்க. லேய், பக்கத்து ஐஜிஜி லேனை, அதான் நம்பைப் பிடிக்காத சும்மா ஆன்டிபாடி போட்ட ஒப்பீட்டு லேனை, பாத்தியா? அங்கயும் அதே உயரத்துல அதே பட்டை! அது நீ இழுக்கப் போட்ட ஆன்டிபாடியோட பெரிய துண்டு, கனச்சங்கிலி. 50-55 கிலோடால்டன் எடையில ஓடும், பி53-உம் அங்கதான் நிக்கும். இழுக்கவும் எலி ஆன்டிபாடி, பாக்கவும் எலி ஆன்டிபாடின்னா இதுதான் கதி. முயல் ஆன்டிபாடியால நம்பை இழு, எலி ஆன்டிபாடி டிஓ-1 வச்சு பி53 பாரு. பட்டையைக் காட்டுற இரண்டாம் ஆன்டிபாடி முயல் ஆன்டிபாடியைத் தொடாததா இருக்கணும்.

எதுக்குல ஹீலா செல்? அதுல எச்பிவி வைரஸோட இ6 புரதம் பி53-ஐ அழிச்சுக்கிட்டே இருக்கும். மார்பகப் புற்றுச் செல் எம்சிஎஃப்-7 எடு. செல்லை எடுக்குறதுக்கு நாலு மணி நேரம் முன்னால புரதம் அழியாமத் தடுக்கிற எம்ஜி132-ஐ 10 மைக்ரோமோலார் விடு. அது விட்டா எல்லா லேன்லயும் பி53 ஏறும், அதனால நம்ப்தான் பி53-ஐக் காப்பாத்துதுன்னு இதை வச்சுச் சொல்லிராத. அதுக்கு எம்ஜி132 இல்லாம, புதுப் புரதம் உண்டாகாம நிறுத்துற சைக்ளோஹெக்சிமைடு விட்டு 0, 15, 30, 60 நிமிஷத்துல தனியா எடுக்கணும்.

செல்லை உடைக்கிற ரிப்பா பஃபரைத் தூரப் போடு. அதுல உள்ள எஸ்டிஎஸ் சோப்பு, புரதங்களுக்குள்ள இருக்கிற பிடிப்பைப் பிரிச்சிரும். பதிலுக்கு 50 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 7.4, 150 மில்லிமோலார் உப்பு, மென்மையான சோப்பு என்பி-40 அரை சதவீதம். ஒரு மில்லிகிராம் லைசேட்டுக்கு (உடைச்ச செல்லோட சாறு) 2 மைக்ரோகிராம் ஆன்டிபாடி, ராத்திரி முழுக்க 4 டிகிரில சுத்தட்டு. பி53 டிஎன்ஏ-வைப் பிடிக்கிற சாதனம், டிஎன்ஏ துண்டே பாலமா நின்னு ஏமாத்தும். டிஎன்ஏ-வை வெட்டுற பென்சோனேஸ் நொதியைச் சேத்துக்கோ, அதுக்கு 2 மில்லிமோலார் மெக்னீசியம் வேணும், மெக்னீசியத்தைப் பிடிச்சிக்கிற இடிடிஏ கூடாது.

இனி நிஜமான விஷயம். பழ ஈயில நரம்பு முன்னோடி செல் பிரியும்போது நம்ப் ஒரு மகள் செல்லுக்கு மட்டும் போகும். அங்க செல் விதியைத் தீர்மானிக்கிற நாட்ச் சமிக்ஞை அடங்கும், அடுத்ததுல ஓங்கும், ரெண்டோட விதியும் வேற வேற. 2008-ல இத்தாலி மிலன் ஆய்வாளர்கள் காட்டினது, நம்ப், பி53, பி53-ஐ அழிக்க வைக்கிற எம்டிஎம்2 மூணும் ஒரே கூட்டுல இருக்கு, நம்ப் இருக்கிறவரை எம்டிஎம்2-வால பி53 மேல யூபிக்விடின்ங்கிற அழிவு முத்திரையை ஏத்த முடியல. பல மார்பகப் புற்றுல நம்ப் தொலைஞ்சு போகுது. அப்போ பி53 சரியும், நாட்ச் ஏறும். ஒரு புரதம் போனதுக்கு ரெண்டு அடி. இதை நெனச்சா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது.

ஆனா எல்லா நம்ப்பும் இதைச் செய்யாது. நாலு வடிவம் உண்டு. மூணாவது எக்சான் (ஜீனோட ஒரு துண்டு), அதாவது நம்ப்போட பிடிபி பகுதில வர்ற 11 அமினோ அமிலம், இருக்கிற ரெண்டு வடிவந்தான் எம்டிஎம்2-வை அடக்கும். பிளாட்ல இது பிரியாது, வித்தியாசம் ஒரு கிலோடால்டன்தான். எக்சானுக்கு ரெண்டு பக்கமும் பிரைமர் வச்சு ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏ-வை டிஎன்ஏ ஆக்கிப் பெருக்குறது) பண்ணு. 33 பேஸ் வித்தியாசம், 3 சதவீத அகரோஸ் ஜெல்ல பிரியும். உன் செல்லுல அந்த எக்சான் இல்லன்னா, எத்தனை தடவை இழுத்தாலும் வெறும் ஆன்டிபாடிச் செலவுதான்.

முதல்ல அதைப் பாத்துட்டு எழுது. அப்புறம் எம்டிஎம்2 பட்டையை, கணக்குப்படி வர்ற 56 கிலோடால்டன்ல தேடாத, 90 பக்கத்துலதான் ஓடும்.

உன்
கூட்டாளி