ராமுவுக்கு, ஒரு பழைய கார் விஷயமாக

லெஸ்டர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராமு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு எவ்வளவு திட்டவேண்டுமோ திட்டிக்கொள். திட்டி முடித்த பிறகு உட்கார்ந்து நிதானமாகப் படி. பாதிக்கு மேல் உனக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது. முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு அங்கே தாவிவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். லலிதாவுக்கு முழங்கால் வலி தேவலை. சின்னவள் வேலை மாறிவிட்டாள். உன் பேரனின் மொட்டைப் படம் வந்தது; காது அப்படியே உன் அப்பா. குசலம் முடிந்தது.

நான் கார் வாங்கப்போகிறேன். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மார்க் ஃபோர், 1972ஆம் வருடத்து வண்டி. மஞ்சள் நிறம், துணிக் கூரை, இரண்டே இருக்கைகள். "இரண்டாவது இருக்கை யாருக்கு?" என்று லலிதா கேட்டாள். "உனக்குத்தான்" என்றேன். "இந்த முழங்காலோடு அதற்குள் இறங்கினால் ஏற்றிவிட கிரேன் வரவேண்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இத்தனை வண்டிகள் இருக்க இது ஏன் என்று நீ கேட்கமாட்டாய். இது உன் அப்பா வைத்திருந்த நம் ஹெரால்ட் காரின் சொந்தத் தம்பி அல்லவா! இங்கே இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்று ஓடியதைத்தானே 1961இலிருந்து பத்து வருடம் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று செய்தார்கள். அதன் சேஸிஸைக் குட்டையாக்கி, அதே இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த வேறொரு உடம்பை மேலே வைத்தால் ஸ்பிட்ஃபயர். பானெட்டும் அப்படியே, மட்கார்டையும் சேர்த்துக்கொண்டு முன்பக்கமாகச் சாய்கிறது. உன் அப்பா முன்டயரின் மேல் 'இந்து'வை விரித்து உட்கார்ந்து கார்புரேட்டரைத் துடைப்பாரே, அதே இடம், அதே உயரம்.

விற்பவர் ஒரு வியாபாரி. பேச்சில் தேன் ஒழுகும். எட்டாயிரம் பவுண்டு சொன்னார். "வாங்குவதற்கு முன் வெளி ஆளை வைத்து வண்டியைச் சோதித்துப் பார்க்கவேண்டும்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. இந்த வண்டியை அவர் எத்தனையோ வருடமாக அறிவாராம், துரு என்ற பேச்சுக்கே இடமில்லையாம். போதாததற்கு, இன்னொருவர் நாளைக்கு முன்பணத்தோடு வருகிறாராம். இந்த 'இன்னொருவரை' நமக்குத் தெரியாதா? தி. நகர் புடவைக் கடையிலும் அவர் வருவார், தாம்பரம் மனை விற்கிற இடத்திலும் வருவார். லெஸ்டர் வரை வந்துவிட்டார் என்பது எனக்குப் புதுச் செய்தி.

நான் அசையவில்லை. இங்கே வருடாவருடம் எம்.ஓ.டி. என்று ஒரு சோதனை உண்டு, நம் ஊர் எஃப்.சி. மாதிரி. நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், 2018 முதல் அது கட்டாயமில்லை. சாலை வரியும் கிடையாது. கேட்பதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார், பொறுப்புள்ள ஒரு மனிதன் இந்த வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்? பழைய எம்.ஓ.டி. பதிவுகளை அரசாங்க இணையதளத்தில் யாரும் பார்க்கலாம், வண்டி எண்ணைத் தட்டினால் போதும். தட்டினேன். கடைசியாகச் சோதித்த 2017இல், 'இடது சில்லில் அரிப்பு' என்று எச்சரிக்கை எழுதியிருந்தது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியை இங்கே சில் என்கிறார்கள், அரிப்பு என்றால் துருதான். துரு என்ற பேச்சுக்கே இடமில்லாத வண்டி!

அதனால் கவென்ட்ரியிலிருந்து ஒரு பெரியவரை அமர்த்தினேன். டிரையம்ப் கிளப்காரர்கள் சொல்லி அனுப்பிய ஆள். 1980இல் டிரையம்பின் கான்லி ஆலையில் கார் கட்டுவதை நிறுத்தும்வரை அங்கே வேலை செய்தவராம். கூலி சில நூறு பவுண்டு. கருமித்தனம் என் ரத்தத்தில் ஊறியது என்று நீ கல்லூரி நாளிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாய், ஆனாலும் இந்தப் பணத்தை நான் முகம் கோணாமல் கொடுத்தேன். விற்கிறவரிடம் ஒரு காசு வாங்காத ஒருவர் வாயால் அந்த வண்டியைப் பற்றிக் கேட்கவேண்டும் என்றிருந்தது.

ராமு, அந்த மனிதர் வேலை பார்த்ததை நீ பார்த்திருக்கவேண்டும். வந்தவுடன் பேச்சே இல்லை. பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு. நாங்கள் வருவதற்குள் வியாபாரி எஞ்சினை ஓட்டி வைத்திருக்கிறார். பழைய எஞ்சின் தன் நோயையெல்லாம் குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான் காட்டும். "ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு, காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மண்டி போட்டார். ஸ்பிட்ஃபயருக்குச் சில் அழகுக்கு வைத்ததில்லை, உடம்பின் பலமே பாதி அதில் இருக்கிறது. வலது பக்கம் காந்தம் டக் டக்கென்று ஒட்டிக்கொண்டே போனது. இடது பக்கம் பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு சாண் அளவுக்கு வழுக்கிக்கொண்டு விழுந்தது. பட்டி பூசி மூடியிருக்கிறார்கள்! உள்ளே தகடே இல்லை. கதவின் இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருப்பதைப் பிறகு விரலை வைத்துக் காட்டினார். சில் இற்றால் வண்டி நடுவில் தொய்யும், கதவு அதைக் காட்டிக்கொடுக்கும். அடிப்பக்கம் முழுக்கப் புதுத் தார் பூசியிருந்ததை டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, மூக்கால் சிரித்தார்.

எஞ்சின் ஆறியது. கிளப்பினார், புகை இல்லை. என்னைக் கிளட்சை மிதித்து மிதித்து எடுக்கச் சொல்லிவிட்டுக் கிராங்க் தண்டின் முன்முனையில் இருக்கும் புல்லியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்ந்தால் உள்ளே கிராங்க் முன்பின் நகராமல் பிடித்து வைக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அது கழன்று விழுந்தால் கிராங்க் உராய்ந்து பிளாக்கே குப்பைக்குப் போகும். நகரவில்லை. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தார், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. அப்புறம் துணியால் அழுக்கைத் துடைத்து எஞ்சின் எண்ணைப் படித்தார். ஸ்பிட்ஃபயர் என்றால் எஃப்.எச். என்று ஆரம்பிக்கவேண்டும். இது ஜி.இ. என்று ஆரம்பித்தது.

"கெட்ட செய்தி. இது இந்த வண்டியின் எஞ்சினே இல்லை. ஹெரால்ட் 13/60இலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்றார்.

நான் துள்ளிக் குதிக்காத குறை. பெரியவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். எண் பொருந்தாவிட்டால் விலை இறங்கும், அதற்கு வருத்தப்படவேண்டும் என்பது இங்கத்து வழக்கம். ஹெரால்ட் எஞ்சினைக் கூடுதல் பணம் கொடுத்தே வாங்கியிருப்பேன் என்பதை வியாபாரி காதில் விழாமல் அடக்கிக்கொண்டேன். சோகமாக முகத்தை வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு இருக்கிறதே!

இப்போது உன் சங்கதி.

கடைசியாக முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தின் பின்னால், நிற்கிற இரும்புத் தண்டு ஒன்று பித்தளைக் கட்டை ஒன்றுக்குள் மரை போட்டு இறங்கியிருக்கும். டிரன்னியன் என்கிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் அந்த மரையின் மேல்தான் சுழல்கிறது. அதற்குக் கிரீஸ் போடக்கூடாது, 90 எண் கியர் ஆயில்தான் போடவேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, நாளடைவில் கட்டிதட்டிவிடும். தண்ணீர் தங்கி, தண்டின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். ஒரு நாள் ஒடியும். பெரும்பாலும் வேகமாகப் போகும்போது ஒடியாதாம். மெதுவாக, ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்துத் திருப்பும்போது ஒடியுமாம். சக்கரம் அப்படியே உள்ளே மடிந்துவிடும்.

இதைச் சொல்லிக்கொண்டே கீழிருந்த சின்னத் திருகைக் கழற்றினார். எண்ணெய் சொட்டவேண்டிய இடத்தில் காய்ந்துபோன கிரீஸ் வந்தது. "இதையே ஹெரால்டிலும் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இரண்டுக்கும் ஒரே முன்பக்கம்தான்" என்றார்.

எனக்கு அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. அடையாறு திருப்பத்தில் ஹெரால்டின் சக்கரம் தானாக மடிந்தது என்று நீ எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்! நான் திருச்சியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன், வந்தபோது உன்னோடு வண்டியில் இருந்த மணிக்குக் கையில் கட்டு, ஊரெல்லாம் ஒரே தீர்ப்பு: ராமு வேகமாக ஓட்டினான். உன் அப்பா அதன் பிறகு உன் கையில் சாவியைக் கொடுக்கவே இல்லை. வண்டியை விற்ற அன்றுகூட வாங்கியவரைத்தான் ஓட்டச் சொன்னார். நம் மெக்கானிக் மாதம் தவறாமல் கிரீஸ் கன்னோடு வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்ற நினைப்பில் செய்ததுதான், பாவம். உடைந்த தண்டு இன்று நம் கையில் இல்லை, அதனால் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் நீ சொன்ன விவரம் ஒவ்வொன்றும் அந்தப் பெரியவர் சொன்னதோடு பொருந்துகிறது: மெதுவான வேகம், முழுத் திருப்பம், முன்சக்கரம் உள்ளே மடிந்தது. அப்பா இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவருக்குத்தான் எழுதியிருப்பேன். மணியிடம் நீயே படித்துக் காட்டு. அவன் இன்னும் கல்யாண வீடுகளில் உன்னைப் 'பந்தயக்காரன்' என்று கேலி செய்கிறானா? இனி அந்தக் கேலிக்கு அபராதம் வசூல் செய்.

என் வண்டி விஷயம்: அறிக்கை படங்களோடு வந்தது. அதை மேசையில் வைத்ததும் வியாபாரியின் தேன் கொஞ்சம் புளித்தது. ஆறாயிரத்து எழுநூறில் நிற்கிறோம். டிரன்னியன், தண்டு எல்லாம் இரண்டு பக்கமும் புதிதாக மாற்றித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பழுது பெரிய செலவில்லை. சில்லை வெட்டி ஒட்டுவதுதான் செலவு. அது முடிந்து பெரியவர் மறுபடி வந்து பார்க்கும்வரை ஒரு பவுண்டும் கொடுப்பதாக இல்லை. அந்த 'இன்னொருவர்' இதுவரை வரவில்லை.

உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். உன் அப்பாவின் பரணில் ஹெரால்ட் கையேடு இருந்தது, பச்சை அட்டையோ நீல அட்டையோ. நீ எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. அதில் எதற்கு எந்த எண்ணெய் என்ற அட்டவணைப் பக்கத்தைத் தேடிப் படம் எடுத்து அனுப்பு. உனக்கு எடுக்க வராது, கட்டை விரல்தான் விழும். பேரனின் அம்மாவிடம் கொடு.

அன்புடன்,
சந்துரு