கால் எரிச்சல் எல்லாம் சூடு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் தொடங்கியதும், உடல் சூடு தணிய இளநீர், நுங்கு, கரும்புச்சாறு குடிக்கச் சொல்லித் தங்கள் நாளிதழில் குறிப்பு வந்தது. அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் குடியாத்தத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சென்ற ஆண்டு கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் எனக்கு நாக்கு வறண்டது, உள்ளங்கால் எரிந்தது. ராத்திரியில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தேன். நம் ஊர் வெயிலில் யாரைக் கேட்டாலும் சூடு என்றுதான் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், படுக்கும்போது காலில் விளக்கெண்ணெய், மதியம் ஒரு டம்ளர் கரும்புச்சாறு என்று இரண்டு மாதம் ஓடியது.

அப்புறம் மகளின் பேறுகாலத்துக்காகச் சிங்கப்பூர் போனேன். பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி. மகள்தான் எங்களுக்கு இடையில் நின்று பேசினாள். அவர்களும் நம்மைப் போலவே எதிலும் சூடு, குளிர்ச்சி பார்ப்பவர்கள். டுரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி. வாய்ப்புண் வந்தால் 'நெருப்பு ஏறிவிட்டது' என்று செவ்வந்திப்பூ தேநீரோ, பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீரோ குடிப்பார்கள். ஆனால் என் தொல்லையைக் கேட்ட பாட்டி அதையெல்லாம் தரவில்லை. சாயங்காலம் உள்ளங்கை சுடுகிறதா, தூக்கத்தில் வியர்க்கிறதா என்று விசாரித்துவிட்டுத் தன் வைத்தியரிடம் கூட்டிப் போனார்.

அவர் நாக்கை நீட்டச் சொன்னார். நம் சித்த வைத்தியர் போலவே மூன்று விரலால் நாடி பார்த்தார், இரண்டு கையிலும். சீன வைத்தியத்தில் சூடு இரண்டு வகையாம். காரமும் பொரித்ததும் தின்று ஏறுவது நிறைந்த சூடு, அதற்குக் குளிர்ச்சி கொடுக்கலாம். உடம்பின் ஈரம் வற்றி, அதாவது அவர்கள் சொல்லும் 'யின்' குறைந்து, உள்ளே காய்வது வெற்றுச் சூடு. அங்கே வற்றியதை நிரப்ப வேண்டுமே தவிர, குளிர்ச்சியை ஊற்றிப் பயனில்லை. ஆளுக்கு ஆள் உடல்வாகு வேறு என்பதால் 2009-ல் சீனாவில் அதை ஒன்பது வகையாகத் தரப்படுத்தியும் இருக்கிறார்கள். ஓயாத தாகமும் அதிகச் சிறுநீரும் சேர்ந்த நோய்க்கு அவர்களிடம் பழங்காலத்திலிருந்தே 'ஷியாவ் கெ' என்று பெயர். நம் நீரிழிவுதான். "முதலில் ரத்தம் பாருங்கள், பிறகு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். வெறும் வயிற்றில் சர்க்கரை 212. நோய்க் கணக்கு 126-லேயே தொடங்கிவிடுகிறது.

அந்தக் கரும்புச்சாற்றை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. நாடி, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், ஸ்பரிசம் என எட்டையும் பார்த்து வாதமா, பித்தமா, கபமா என்று சொன்னது நம் மருத்துவம். நாமோ எட்டையும் விட்டுவிட்டு 'சூடு' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

அடுத்த குறிப்பில் கரும்புச்சாறுக்குப் பக்கத்திலேயே ஒரு வரி சேருங்கள்: தாகம், கால் எரிச்சல், இரவில் அடிக்கடி சிறுநீர் மூன்றும் இருந்தால் முதலில் சர்க்கரை பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லாமல் பார்க்கிறார்கள். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். என் தெருவில் மட்டும் இப்போது மூன்று பேர் காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.